மஞ்சள் கிரீஸும் என் வண்டிச் சாவியும்

கிரீஸ் எல்லாம் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் காது சூடாகிவிடுகிறது. அப்படிச் சொன்னவர் வெளியாள் என்றால் சண்டை போட்டு முடித்திருப்பேன். சொன்னது என் அக்கா வீட்டுக்காரர்.

மாமாவுக்கு ரமணாசிரமத்தைத் தாண்டி செங்கம் ரோட்டில் மெக்கானிக் கடை. என் வண்டியில் முன் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று அங்கே கொண்டுபோனேன். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைக் கழற்றி, பேட் மாற்றி, உள்ளே இருந்த ரப்பர் சீலையும் புதிதாகப் போட்டார். அதுவரை சரி. அப்புறம் பெயின்ட் டப்பாவில் இருந்த மஞ்சள் கிரீஸை ஒரு விரல் அள்ளினார். அவர் கடையில் செயினுக்கும் அதுதான், வீல் பேரிங்குக்கும் அதுதான், சைடு ஸ்டாண்டுக்கும் அதுதான்.

"மாமா, உள்ள ரப்பர் இருக்கே, அதுமேல இத போடலாமா?"

"கிரீஸ் எல்லாம் ஒண்ணுதான். போட்டாத்தான் வழுவழுனு போவும் பாப்பா. நீ போய் எதிர்க் கடையில ரெண்டு டீ சொல்லு."

டீ சொல்லப் போனேன். திரும்பி வருவதற்குள் பூட்டிவிட்டார்.

அதிலிருந்து வண்டியைத் தள்ளினால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல இருந்தது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினால் டிஸ்க்கில் விரல் வைக்க முடியாது, தோசைக்கல் மாதிரிச் சுடும். மாமாவுக்குப் போன் செய்தேன். "புது பேட் அப்டித்தான் இருக்கும். ஓட ஓட சரியாயிடும்," என்றார்.

சரியாகவில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பினேன். கிரிவலப் பாதை முழுக்க பேப்பர் கப்பும் பாக்குத் தட்டும் குவிந்து கிடந்தன, துப்புரவுப் பெண்கள் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு அம்மா குறுக்கே வந்தார். பிரேக் லீவரை லேசாகத்தான் தொட்டேன். முன் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. முழங்கையும் முட்டியும் சிராய்ந்து ரத்தம் வந்தது. டீக்கடையிலிருந்து ஓடிவந்து தூக்கிவிட்டவர் கேட்ட முதல் கேள்வி, "யாரும்மா உனக்கு இந்த வண்டியக் குடுத்தது?"

யாரும் குடுக்கவில்லை. வேங்கிக்காலில் தண்ணீர் மாதிரிகளைச் சோதிக்கிற ஒரு தனியார் லேபில் வேலை பார்த்து, என் சம்பளத்தில் நான் வாங்கிய வண்டி.

வீட்டில் அப்பா வண்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் மாமா வந்து தீர்ப்புச் சொன்னார். "முன் பிரேக்கப் புடிச்சா விழத்தான் செய்யும். லேடீஸுக்கு ஸ்கூட்டிதான் கரெக்ட். கியர் வண்டி இன்னாத்துக்கு?" என்னைப் பார்த்து அல்ல, அப்பாவைப் பார்த்து. அப்பா தலையாட்டினார். என் முழங்கையில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்த அம்மாவும் தலையாட்டினாள்.

மறுநாளிலிருந்து பஸ். எங்கள் ஊர் அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்கு ஒன்று, அங்கிருந்து வேங்கிக்காலுக்கு இன்னொன்று. தினமும் லேட். லேபில் ஒருமுறை எச்சரித்தார்கள், மறுமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "அவ்ளோ கஷ்டப்பட்டு எதுக்கு வேலை? வீட்ல இரேன்," என்றாள் அம்மா. அந்தச் சாவி திரும்பி வராவிட்டால் என் வேலையும் அப்படியே போய்விடும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். காலேஜில் வேதியியல். அம்மாவின் மாத்திரை அட்டையில் இருப்பதை நான்தான் படித்துச் சொல்வேன். அப்பாவுக்கு உர மூட்டையில் இருப்பதை நான்தான் படித்துச் சொல்வேன். நான் சாப்பாட்டுக்கு முன் என்றால் முன், பின் என்றால் பின். அந்த அளவுக்கு நம்பிக்கை. ஆனால் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில், ஊரில் ஓடுகிற ஒவ்வொரு டிஸ்க் பிரேக் வண்டியிலும், எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று பொறித்திருக்கிறது. அதைப் படித்துச் சொன்னால் மட்டும் நான் வாயாடி.

படித்தேன். வண்டிக் கம்பெனியின் ரிப்பேர் புத்தகம் போனில் ஆங்கிலத்தில் கிடைத்தது. விஷயம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. மஞ்சள் கிரீஸ் பெட்ரோல் குடும்பத்து எண்ணெய். பிரேக் சீலின் ரப்பர் அதைக் குடித்து ஊதும். ஊதிய சீல், பேடைத் தள்ளுகிற பிஸ்டனை இறுக்கிக்கொள்ளும், லீவரை விட்டாலும் பிஸ்டன் பின்னால் போகாது, பேட் தேய்ந்துகொண்டே சூடேறும், ஒருநாள் பூட்டிக்கொள்ளும். சீலுக்குப் புது பிரேக் ஆயில் தடவலாம், இல்லாவிட்டால் அதற்கென்றே விற்கிற சிவப்பு ரப்பர் கிரீஸ். காலிப்பர் இப்படி அப்படி நகர உதவும் இரண்டு பின்களுக்கும் ரப்பர் உறை இருக்கிறது, அங்கே சிலிக்கான் கிரீஸ். பேட் டிஸ்க்கைத் தொடுகிற முகத்தில் எதுவுமே படக்கூடாது. அவ்வளவுதான்.

டவுனில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது சீலும் பிரேக் ஆயிலும் ரப்பர் கிரீஸும் கேட்டேன்.

"ரப்பர் கிரீஸா? அதெல்லாம் கேக்கறவங்க கம்மி. யாரு மெக்கானிக்கு?"

"நான்தான்."

கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் யாராவது ஆம்பளை நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, கொல்லைப்பக்கம் வண்டியை நிறுத்திக் காலிப்பரைக் கழற்றினேன். லீவரை அழுத்தி அழுத்தித்தான் பிஸ்டனை வெளியே தள்ள முடிந்தது, அவ்வளவு இறுக்கம். சீல் மெத்தென்று ஊதிக் கிடந்தது. எடுத்துவிட்டுத் திரும்ப அதன் பள்ளத்திலேயே வைத்துப் பார்த்தேன், அடங்கவில்லை. மஞ்சள் கிரீஸை ஒரு பொட்டு விடாமல் துடைத்து, புது சீலுக்கு ரப்பர் கிரீஸ் தடவிப் பூட்டினேன். பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே எடுக்க அம்மாவை லீவர் பிடிக்கச் சொன்னேன்.

"அழுத்து. புடிச்சுக்கோ. நான் சொன்னா விடு."

"மாட்டுல பால் கறக்கற மாதிரியே இருக்குடி," என்றாள் அம்மா. அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். தடையில்லாமல் சுற்றியது. அப்பாவிடம் கை நீட்டினேன். "மாமா ஒரு தடவ பாத்துடட்டும்," என்றார்.

மாமா வந்து ஊதின சீலைப் பார்த்தார். "டூப்ளிகேட் சீல். கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்."

"அப்போ நீங்களே நல்ல சீலா ரெண்டு குடுங்க மாமா. உங்க கிரீஸும் கொஞ்சம் குடுங்க."

சிரித்துக்கொண்டே கொடுத்தனுப்பினார். ஒரே மாதிரி இரண்டு சீல். ஒன்றை அவர் கிரீஸிலும் ஒன்றை ரப்பர் கிரீஸிலும் ஊறுகாய் பாட்டில் மூடிகளில் போட்டு, வெயில் படுகிற ஜன்னலில் வைத்தேன். அடுத்த ஞாயிறு எல்லோரும் சாப்பிட வந்தபோது இரண்டையும் துடைத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தேன். ரப்பர் கிரீஸில் இருந்தது அப்படியே இருந்தது. அவர் கிரீஸில் இருந்தது தடித்துப் போயிருந்தது. கண் தெரியாதவர்கூடத் தொட்டுச் சொல்லலாம்.

மாமா இரண்டையும் விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இன்னா பாப்பா, லேப்ல இருந்து ஆசிட் கீசிட் கொண்டாந்து ஊத்தினியா?"

எல்லோரும் சிரித்தார்கள். லீவர் பிடித்த அம்மா சிரித்தாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். மாமாவின் பொய்யைக்கூட நான் மறந்துவிடுவேன். அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன்.

அடுப்படியில் அக்கா என் கையைப் பிடித்தாள். "எல்லார் எதிர்லயும் அவரு மூஞ்சில கரி பூசணுமாடி? அந்தக் கடைய நம்பித்தான் என் வீட்ல உலை வைக்கிறேன்."

"அந்தக் கடைய நம்பித்தான்க்கா நான் ரோட்ல விழுந்தேன்."

அவள் கையை விட்டுவிட்டாள். பாவமாகத்தான் இருந்தது. கோபமும் குறையவில்லை. அவர் விரல் பட்ட வண்டிகள் அன்றைக்கும் செங்கம் ரோட்டில் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இரண்டு மூன்று நாள் கழித்து, பூ மார்க்கெட்டிலிருந்து திரும்பிய அப்பா நேராக என்னிடம் வந்தார். எங்கள் நிலத்துச் சம்பங்கியை அவர் தினமும் தன் வண்டியில்தான் டவுனுக்குக் கொண்டுபோவார். அதற்கும் மாமாதான் பிரேக் பார்த்திருந்தார்.

"என் வண்டியும் இழுக்குது," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "டிஸ்க்கு சுடுது. நீ கொஞ்சம் பாரேன். கொல்லப்பக்கமா வச்சுக்கலாம். மாமா பாத்தா மனசு சங்கடப்படுவாரு."

விழுந்தபோதுகூட அப்படி எரியவில்லை. என்னை நம்புகிறார். நம்புவது வெளியே தெரியக்கூடாது.

"வாசல்ல நிறுத்து. ரோட்டப் பாத்த மாதிரி. பாக்கறேன்," என்றேன். "மொதல்ல என் சாவியக் குடு."

அப்பா கொல்லைப்பக்கம் ஒருமுறை, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். முன் சக்கரம் கரகரவென்று முனகியது, மூச்சு வாங்கத் தள்ளி வாசலில் நிறுத்தினார்.

நான் ஸ்பேனரும் ரப்பர் கிரீஸும் எடுத்துவந்து உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றார்.

"இன்னாபா, மருமவன் கடைக்குப் போவலியா?"

"பாப்பா பாக்குது," என்றார் அப்பா.

"யாரு?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன், அவருக்கு உதவப் போவதில்லை.

"எம் பொண்ணு," என்றார், இந்தத் தடவை தெருவுக்கே கேட்கிற மாதிரி. "அதுதான் பாக்குது."