இலுப்பவிளைத் தெருவுக்கு வராத குழாய்

முத்துக்கனியைப் பற்றி யாராவது, "பாவம், நல்ல மனசுக்காரி" என்று ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். நல்லவள்தான், யார் இல்லை என்றது? அந்த நல்ல மனசுதானே அவள் குடியைக் கெடுத்தது.

பக்கத்து வீட்டுக்காரி நான், நேசபாய். ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போவேன், அவள் நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு அவர்கள் கோவிலான பதிக்குப் போவாள். தண்ணீருக்கு மட்டும் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம். நாகர்கோவிலுக்கு முக்கடல் தண்ணீர் குழாயில் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. திருவிதாங்கூர் போய், கொச்சியோடு சேர்ந்து, இப்போது மதராசோடும் சேர்ந்தாயிற்று. எங்கள் இலுப்பவிளைத் தெருவுக்கு மட்டும் இன்னும் ஒரு குழாய் வந்தபாடில்லை. தெருக்கிணற்றில் இருப்பது உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, வாயில் வைத்தால் குமட்டும். ஆகவே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊரில் குழாய் உள்ள இடமெல்லாம் அலைந்தோம்.

முத்துக்கனிக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து தங்கவில்லை. அந்தத் தீட்டு கழியும் முன்பே குடம் எடுக்கப் போனாள். வேறு யார் எடுப்பார்கள்? புருஷன் தாணுலிங்கம் அருமனைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வேலை. மாதம் ஒரு தடவை வருவான், வந்ததும் குளிக்கத் தண்ணீர் கேட்பான். அப்படிச் சுமந்து சுமந்து அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. நெய்யூர் ஆசுபத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே கண்டிப்பாகச் சொன்னார், இனிமேல் பாரம் தூக்கவே கூடாது, தூக்கினால் படுக்கைதான் என்று.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச்சு முழுக்க மகள் பகவதியைப் பற்றித்தான். அந்தப் பெண் படிப்பில் சூட்டிகை. டீச்சராக்க வேண்டும் என்று இவளுக்கு ஒரே ஆசை.

"நான் கொடத்த எறக்கி வச்சா அவதான் எடுக்கணும் அக்கா. குழாயடியில காலம்பற நின்னா வெயிலு ஏறுன பெறகுதான் வீட்டுக்கு வரலாம். பெறகு எங்க பள்ளிக்கொடம்?"

"அதுக்காக நீ சாவப் போறியா?"

"நம்ம தெருவுக்கு ஒரு குழா வரட்டும். அதுவரைக்கும் நான் சொமந்துக்கிடுதேன்."

மதராசோடு சேரும் முன், ஐம்பத்திரண்டாம் வருஷம் பங்குனி மாத வெயிலில் அந்தச் செய்தி வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறாராம். ஊர்க் குழாய்களை எல்லாம் நடந்தே பார்ப்பாராம். எங்கள் வட்டாரத்துக்குப் புதிதாக ஒரே ஒரு குழாய், எந்தத் தெருவில் கஷ்டம் அதிகமோ அந்தத் தெருவுக்கு. தண்ணீர் சுமக்கிற பெண்பிள்ளை ஒருத்தி கூடவே வந்து எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று அவரே சொல்லியனுப்பியிருந்தார். பெண்கள் எல்லாரும் முத்துக்கனியைக் கை காட்டினோம். அவள் நின்று ஏச்சு வாங்காத குழாய் இந்த ஊரில் உண்டா?

அன்று விடியற்காலையில் கதவைத் திறந்தால், தெரு முழுக்க ஈரம். முத்துக்கனி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள். தெருக்கிணறும் வற்றிக் கிடந்ததால், கோட்டாறு வரை பல நடை போய்ச் சுமந்துவந்து தெளித்திருக்கிறாள்.

"ஏட்டி, ஒனக்குக் கூறு இருக்கா? டாக்டரம்மா சொன்னது மறந்து போச்சா?"

"தெரு புழுதியாக் கெடக்கு அக்கா. பெரிய ஆளு நடந்து வாறாரு. நம்ம தெருவப் பாத்து மொகத்தச் சுளிச்சிரப்பிடாதுல்லா."

அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். குடையை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு குழாயிலும் ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்தார். கூடவே எங்கள் வட்டாரத்து மெம்பர் ஆறுமுகப்பெருமாள். முத்துக்கனி முன்னால் நடந்தாள், நானும் இரண்டு மூன்று பெண்களும் பின்னால் போனோம். பஸ் நிற்கும் இடத்துக் குழாயைக் காட்டி, "இங்க காப்பிக்கடைக்காரனுவ பீப்பாய வச்சிருவானுவ, அது நெறஞ்ச பெறகுதான் எங்களுக்கு" என்றாள். கோவில் பக்கத்துக் குழாயில், "இங்க நாங்க தொட்டா, கழுவிக்கிட்டுத்தான் அவிய தொடுவாவ" என்றாள். சந்தைக் குழாயில் தன் குடம் நசுங்கின கதையைச் சொன்னாள். பயமில்லாமல், மரியாதை குறையாமல் சொன்னாள். அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு மெம்பர் குடியிருக்கிற மேலத்தெருவுக்கு வந்தோம். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு கிணறு, எல்லாம் கல்கண்டுத் தண்ணீர். அன்றைக்கு என்னடா என்றால், வாசலில் வரிசையாக வெறுங்குடங்கள். தெரு பெருக்கவில்லை, சாணி காய்ந்து கிடக்கிறது. மெம்பர் பெண்சாதி கோமளவல்லி எண்ணெய் காணாத தலையோடு வெளியே வந்து, "குடிக்கதுக்குக்கூட இல்ல ஏமானே" என்று கண்ணைத் துடைத்தாள். நான் முத்துக்கனியைக் கிள்ளினேன்.

"கெணறு இருக்குன்னு சொல்லுட்டி."

"வேண்டாம் அக்கா. ஒருத்தியக் காட்டிக் குடுத்து நமக்கு ஒண்ணும் வேண்டாம். நம்ம தெருவ வந்து பாக்கட்டும், அவருக்கே தெரியும்."

வந்து பார்த்தார். புழுதி அடங்கி, மண் வாசனை அடித்தது. வாசல்தோறும் கோலம். முத்துக்கனி உள்ளே ஓடிப் போய், செம்பு நிறையப் பானகம் கொண்டுவந்து கொடுத்தாள். வெயிலில் நடந்துவந்த மனிதர் மடக்மடக்கென்று குடித்தார். இரண்டு பக்கமும் பார்த்தார், முகம் மலர்ந்து போயிற்று.

"நல்ல விருத்தியுள்ள தெரு. இவிடெ வெள்ளத்தினு குறவொன்னும் இல்லல்லோ."

சுத்தமான தெருவாம், தண்ணீருக்குக் குறைவே இல்லையாம். முத்துக்கனிக்கு முகம் வெளிறிப் போயிற்று.

"இது கோட்டாத்துல இருந்து நான் சொமந்து கொண்டாந்த வெள்ளம் ஏமானே."

மெம்பர் சிரித்தார். "சொமந்து கொண்டாந்த தண்ணிய யாராவது மண்ணுல கொட்டுவாளா ஏமானே?"

அதிகாரியும் சிரித்துவிட்டார். நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம், அது அவர் காதில் ஏறவில்லை. ஒருத்தர் பேசினால் கேட்கலாம், பத்துப் பேர் பேசினால் யாருக்கு என்ன புரியும்? செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். முத்துக்கனி அந்த ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

குழாய் மேலத்தெருவுக்கு வந்தது. திறக்கிற அன்று தோவாளைப் பூமாலையெல்லாம் போட்டார்கள். நான் முத்துக்கனியை வாய்க்கு வந்தபடி ஏசினேன். "ஒனக்கு என்ன பெரிய மகாராணின்னு நெனப்பா? வெறுங்கொடத்தக் காட்டத் தெரியாதா?" என்றேன். அவளோ அந்தச் சவம் பிடித்த குழாயிலேயே இரண்டு மாதம் தண்ணீர் எடுத்தாள், மகளைக் குடத்தைத் தொட விடவில்லை. ஆனியில் ஒருநாள் மேலத்தெரு முக்கில் குடத்தோடு உட்கார்ந்தவளை, நாங்கள் கட்டிலில் வைத்துத்தான் தூக்கிக்கொண்டு வந்தோம். நெய்யூரில் அறுத்தார்கள். உயிர் தங்கியது. எழுந்து நடக்க மட்டும் முடியவில்லை.

மறு திங்கட்கிழமை குழாயடியில் எனக்கு முன்னால் பகவதி நின்றாள், பள்ளிக்கூடத்துப் பாவாடையோடு. தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது. கோமளவல்லி தலையில் எண்ணெய் மினுங்க வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"ஏட்டி பகவதி, மணியடிக்கப் போவுதே, பள்ளிக்கொடத்துக்குப் போவலியா? நல்லாப் படிக்க பிள்ளைய ஒங்கம்மை இப்பிடி நிறுத்திப் போட்டாளே."

என் நாக்கு துடித்தது. அதற்குள் அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள்.

"ஒங்க வீட்டுக் கெணத்துல ஒரு கொடம் எறச்சிக்கிடட்டாம்மா? அப்பம் மணியடிக்கதுக்குள்ள போயிருவேன்."

கோமளவல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு மட்டுமில்லை, பகவதி பிறகு ஒருநாளும் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.