பூவாடைக்காரிக்குக் கிழங்கான்

மரக்காணத்தில் உப்பளத்து ஆட்கள் குடியிருக்கும் தெருவில் யாராவது மீன் வாங்கப் போனால், தையல்நாயகியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பையை எடுப்பார்கள். "யக்கா, காய்ச்சல்ல கெடந்து எழுந்தவனுக்கு என்னா மீனு குடுக்கலாம்?" "யக்கா, மாப்ள வர்றாரு, வஞ்சிரம் வாங்குற நெலமையில நாம இல்ல, வேற எதுனா சொல்லேன்." அவளும் சலிக்காமல் சொல்வாள். காய்ச்சல்காரனுக்குக் கிழங்கான், பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா, மாப்பிள்ளைக்குப் பாறை, நாக்கு செத்துப்போச்சு என்று புலம்புகிறவர்களுக்கு நெத்திலி. செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை ஒரு விரலால் அழுத்தி, ஐஸில் கிடந்தது எது, விடியற்காலை வலையில் ஏறினது எது என்று பிட்டுப் பிட்டு வைப்பாள். ஊர் வாய்க்கெல்லாம் ருசி தேடிக் கொடுத்தவளை, உனக்கு எந்த மீன் பிடிக்கும் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. ஊரார் கேட்காததில் அவளுக்கு வருத்தமில்லை. கட்டினவன் கேட்டிருக்கலாம்.

கட்டினவன் பெயர் அர்ச்சுனன். உப்பளத்தில் உப்பு வாருகிற ஆள். தையல்நாயகி அவனுக்கு இரண்டாம் தாரம். முதல் தாரம் சரஸ்வதி, கல்யாணமாகி இரண்டாம் வருஷமே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது பூவும் பொட்டுமாகச் செத்த பெண்ணை இந்தப் பக்கத்தில் பூவாடைக்காரி என்று சாமியாக வைத்துக் கும்பிடுவார்கள். அர்ச்சுனன் வீட்டு வழக்கம், ஆடி மாசத்து ஞாயிறு ஒன்றில் புதுப் புடவையும் பூவும் வளையலும் வைத்து, செத்தவள் உயிரோடு இருந்தபோது ஆசையாகத் தின்றதை ஆக்கிப் படைப்பது. ஆக்க வேண்டியது யார்? அவளுடைய இடத்துக்கு வந்தவள்தான். மூத்தாளுக்கு இளையாள் உலை வைக்க வேண்டும். என்ன வழக்கமோ, எவன் கண்டுபிடித்தானோ!

"சரஸ்வதிக்குக் கெழங்கான்னா உசுரு" என்று முதல் ஆடியிலேயே அர்ச்சுனன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து வருஷா வருஷம் படையல் இலையில் கிழங்கான்தான்.

தையல்நாயகி பிறந்தது கிளியனூருக்குப் பக்கத்தில், ஏரும் மாடுமாக இருந்த வீட்டில். ஏரி மீன் தெரியும், கடல் மீன் தெரியாது. தாலி ஏறின வாரத்திலேயே அர்ச்சுனன் கால்வாயில் வலை வீசி நாலு மடவை கொண்டுவந்து போட்டான். அவளும் ஏரி மீனைக் கழுவுகிற மாதிரியே கழுவி, நறுக்கி, குழம்பு வைத்தாள். மடவைக்கு வயிற்றின் உட்புறம் கறுப்பாக ஒரு தோல் ஒட்டியிருக்கும். கல்லுப்பும் புளியும் வைத்துத் தேய்த்து அதை உரித்தெடுக்காவிட்டால் குழம்பு பூராவும் கசந்துபோகும். புதுப்பெண்ணுக்கு அதை யார் சொன்னார்கள்? அர்ச்சுனன் ஒரு வாய் வைத்தான், துப்பினான், தட்டைத் தள்ளிவிட்டான்.

"சரஸ்வதி கை பட்டிருந்தா இப்படியா இருக்கும்?"

தாலிக் கயிற்றில் மஞ்சள்கூடக் காயவில்லை. அதற்குள் செத்தவளோடு ஒப்பிட்டுப் பேச வந்துவிட்டான். அந்த ஒரு சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது, தைத்தபடியே நின்றுவிட்டது.

அவள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. மறுநாளே பக்கத்து வீட்டு சகாயமேரியிடம் போய், கறுப்புத் தோலை உரிக்கக் கற்றுக்கொண்டாள். சகாயமேரி கற்றுக்கொடுத்த கையோடு, வயிற்றில் இருந்த முட்டைச் செனையை எடுத்து மஞ்சளும் மிளகாயும் தடவித் தோசைக்கல்லில் புரட்டி, ஒரு துண்டு அவள் வாயில் போட்டாள். அம்மாடி! வெண்ணெயா, முட்டையா, கடலை மாவா என்று சொல்ல முடியாத ஒரு ருசி. அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு மடவைப் பைத்தியம். ஆனால் அவள் வீட்டில் மடவை நுழையவில்லை. "சேத்து மீனு, வாசப்படி ஏறக்கூடாது" என்று அர்ச்சுனன் அன்றைக்கே தீர்மானம் போட்டுவிட்டான். சகாயமேரி எப்போதாவது கிண்ணத்தில் மூடிக் கொடுப்பாள். அவளும் மகளோடு சென்னைக்குப் போனபின் அதுவும் நின்றது.

மற்ற மீன் எல்லாவற்றையும் தையல்நாயகி வெறியோடு கற்றுக்கொண்டாள். அளத்தில் உப்புக் கூடை சுமக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் மீன் விற்கிற பெண்களின் கூடைக்குப் பக்கத்தில்தான் நிற்பாள். சரஸ்வதியைத் தோற்கடிக்க வேண்டும், அவ்வளவுதான். தோற்கடித்தாளா என்று கேட்டால், அதை அவள் எப்படித் தெரிந்துகொள்வது? அர்ச்சுனன் தின்பான், கை கழுவுவான், போய்ப் படுத்துக்கொள்வான். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. நடுத்துண்டு அவனுக்கும் மகன் கலையரசனுக்கும் போகும். தலையும் வாலும் சட்டி வழித்த குழம்பும் அவளுக்கு மிஞ்சும்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது ஆடி மாசம்தான். குடத்திலிருந்து தண்ணீர்கூட மொண்டு குடிக்காத மனுஷன், அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாரும் எழுப்பாமல் எழுந்து, வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போவான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, அகப்படுகிறவரைக்கும் வீசி, கிழங்கானை ஈரத்துணியில் சுற்றி, குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு வருவான். "பாத்துக் கழுவு, சதை ஒடயப்போவுது" என்று பக்கத்திலேயே நிற்பான். தையல்நாயகி கழுவுவாள், வயிறெரிந்துகொண்டே கழுவுவாள். செத்தவள்மேல் பொறாமைப்படுவது பாவம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் பட்டாள்.

சில ஆடிகளில் அவளுக்கு ஒரு நினைப்பு வரும். நானும் இந்த மனுஷனுக்கு முன்னால் பூவும் பொட்டுமாகப் போனால், எனக்கும் இப்படி வலை தூக்குவானா? தூக்கினால் எந்த மீனைத் தேடுவான்? அவனுக்குத் தெரிந்திருக்குமா? ஒருவேளை தெரிந்து வைத்திருப்பான், சொல்லத் தெரியாத ஆள், அவ்வளவுதான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வாள். இந்த ஒருவேளையை வைத்துக்கொண்டுதான் அவள் அவனோடு முப்பது வருஷம் போலக் குடித்தனம் செய்தாள்.

இந்த ஆடியில் அர்ச்சுனனுக்கு முட்டி வீங்கிப்போய், நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

"நீயே அனுமந்தைக்குப் போய் எடுத்தாந்துடு" என்றான். "ஏனோதானோன்னு வாங்கியாந்துடாத. அவ கொறை சொல்லக்கூடாது."

"முப்பது வருசமா சொல்லாதவளா இப்ப சொல்லப்போறா?" என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

அனுமந்தைக் கரையில் ரேணுகா மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். தையல்நாயகியைக் கண்டதும் ஈரச் சாக்கைத் தூக்கிவிட்டாள். "உன் கண்ணுல மண்ணத் தூவ முடியாதுக்கா, நீயே பொறுக்கிக்க." தையல்நாயகி குந்தி உட்கார்ந்து கிழங்கானைக் கிளறினாள். கண் கலங்கியதைத் தள்ளினாள். கையில் தூக்கினால் வளைந்து தொங்கியதைத் தள்ளினாள். விறைப்பாக, வெள்ளிக் கம்பியாக மின்னினதை மட்டும் எடுத்துக்கொண்டாள். எழுந்திருக்கும்போது கூடையின் மூலையில் ஒரு மடவை கண்ணில் பட்டது. வயிறு உப்பி, செனை கட்டி, தளதளவென்று கிடந்தது. எடுத்தாள். அழுத்திப் பார்த்தாள். நாக்கில் எச்சில் ஊறியது.

"போடட்டுமாக்கா?"

"வேணாம்டி. எங்க வூட்ல துன்னமாட்டாங்க" என்று கூடையிலேயே வைத்துவிட்டாள்.

படையல் நேரத்துக்கு எதிர்பாராத ஆள் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். சரஸ்வதியின் தங்கை பாப்பாத்தி. அக்கா செத்த வருஷம் திரும்புமுன் அர்ச்சுனன் வேறு கல்யாணம் செய்துகொண்டான் என்று கோபித்துக்கொண்டு போனவள், இத்தனை காலம் இந்த வாசப்படி மிதித்ததில்லை. இப்போது மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்திருந்தாள். தையல்நாயகி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு இலை போட்டு, சோறு வைத்து, மாங்காய் போட்ட கிழங்கான் குழம்பை ஊற்றி, பொரித்த துண்டுகளை ஓரமாக அடுக்கிக் கற்பூரம் ஏற்றினாள். அர்ச்சுனன் நாற்காலியிலிருந்தே கைகூப்ப, மற்றவர்கள் விழுந்து கும்பிட்டார்கள். கும்பிட்டு எழுந்த பாப்பாத்தி இலையை உற்றுப் பார்த்தாள்.

"என்னா மீனுக்கா இது? கெழங்கானா?"

"ஆமா. உங்க அக்காவுக்குப் புடிச்சதுதான்."

"எங்க அக்காவுக்கா?" பாப்பாத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐய, அவ கெழங்கான வாயில வைக்கமாட்டாளே! சீக்காளி துன்ற மீனு, பஞ்சு மாதிரி இருக்குதும்பா. அவளுக்குக் கவலை மீனு சுட்டுக் குடுக்கணும். முள்ளோட மென்னு துன்னுட்டு இன்னும் இருக்குதான்னு கேப்பா. மாமாதான் கெழங்கான் இல்லன்னா சோத்துல கை வைக்காது."

தையல்நாயகி கையில் கற்பூரத் தட்டோடு நின்றாள். நாற்காலியில் இருந்த அர்ச்சுனன் காலை மாற்றி வைத்துக்கொண்டான்.

"அவதான ஆக்கிப் போட்டா? ஆசையாத்தான் ஆக்குனா" என்றான்.

"ஆக்குனா மாமா. உனக்கு ஆக்குனா" என்றாள் பாப்பாத்தி.

யாரோடு போட்டி போட்டாள் தையல்நாயகி இத்தனை காலமும்? அந்த அப்பாவிப் பெண் உயிரோடு இருந்தபோதும் அவனுக்குப் பிடித்ததைத்தான் ஆக்கினாள். சாமியான பிறகும் வருஷத்துக்கு ஒரு நாள் பிடிக்காத மீனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறாள். படைத்த மீனையெல்லாம் கடைசியில் தின்றது யார்? நாற்காலியில் இருக்கிறானே, அவன். தனக்கு வேண்டிய மீனுக்குத்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறான், படுபாவி!

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணு கேக்குறேன், நேரா பதில் சொல்லு. எனக்கு என்னா மீனு புடிக்கும்?"

கேட்டபிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. தேற்றிக்கொள்ள வைத்திருந்த அந்த ஒருவேளையையும் நடுவீட்டில் தூக்கிப் போட்டுவிட்டாளே!

அர்ச்சுனன் யோசிக்கவே இல்லை. சிரித்தான். "உனக்கென்னா? நீ எதப் போட்டாலும் துன்னுவ." பாப்பாத்தி பக்கம் திரும்பி, "நல்ல பொம்பள. ஒரு நாளு வாயத் தொறந்து கொறை சொல்லமாட்டா" என்றான்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் அதைப் பெருமையாகச் சொன்னான். தையல்நாயகி மகனைப் பார்த்தாள். பாண்டிச்சேரி கம்பெனியில் வேலை, படித்த பிள்ளை, அவள் கையால் தின்று வளர்ந்தவன். கலையரசன் அவள் பார்வை தன்மேல் விழுந்ததும் குனிந்து போனை நோண்ட ஆரம்பித்தான்.

"சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, படையல் இலையில் இருந்த மீன் அத்தனையையும் வழித்து அர்ச்சுனன் தட்டில் போட்டாள். அவன் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றான்.

மறுநாள் அவள் அளத்துக்குப் போகவில்லை. நேராக அனுமந்தைக்குப் போனாள்.

"செனை மடவை இருக்குதாடி?"

"இருக்குது. யாருக்குக்கா?"

"எனக்கு."

"உனக்கா?" என்று ரேணுகா ஏற இறங்கப் பார்த்தாள். அவளும்தான் எத்தனை வருஷமாகத் தையல்நாயகிக்கு மீன் போடுகிறாள்!

வீட்டுக்கு வந்து அரிவாள்மணையின் முன்னால் உட்கார்ந்தாள். "என்னாடி சேத்து நாத்தம் அடிக்குது?" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. அவள் கை பாட்டுக்கு மீனை அரிந்தது, மனசு வேறெங்கோ கொதித்துக்கொண்டிருந்தது. நீ எதப் போட்டாலும் துன்னுவ. நீ எதப் போட்டாலும் துன்னுவ. செதிலைச் சீவினாள், குடலை உருவினாள், அலசினாள், கொதிக்கிற குழம்பில் செனையோடு சேர்த்துப் போட்டு மூடினாள்.

அன்றைக்கு அவனுக்கு முன்னால் அவள் தட்டுப் போட்டு உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவள் முதலில் சாப்பிட உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. தலையை ஒதுக்கி, வாலை ஒதுக்கி, நடுத்துண்டையும் செனையையும் எடுத்து வைத்துக்கொண்டாள். சோற்றில் குழம்பைப் பிசைந்து, செனையில் பாதியைப் பிட்டு, வாயில் வைத்தாள்.

கசந்தது. நாக்கில் பட்ட அந்தக் கணமே தெரிந்துபோயிற்று. கறுப்புத் தோலை உரிக்கவில்லை. தெருவில் இருக்கிற சின்னப் பெண்ணுக்கெல்லாம் அவள் பாடம் நடத்துகிற விஷயம். கோபத்தில் மறந்துவிட்டாள். குழம்பு, சோறு, இத்தனை வருஷம் நாக்கில் வைத்துக் காப்பாற்றின செனை, எல்லாமே வேப்பங்கொட்டையாகக் கசந்தது.

அர்ச்சுனன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சோறு போடாமல் தனியாகத் தின்கிறாளே என்ற திகைப்போ, நேற்றுக் கேட்ட கேள்வி இப்போதுதான் உறைத்ததோ, தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நல்லாருக்குதா?" என்றான்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் அவளைப் பார்த்து இப்படிக் கேட்டதில்லை. கேட்க இன்றைக்குத்தானா கிடைத்தது, பாவி மனுஷா! அவளுக்குக் கண்ணில் குபுக்கென்று நீர் முட்டியது. குனிந்து அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.

"நல்லாருக்குது" என்றாள்.

"எனக்கும் ஒரு துண்டு போடேன்."

"இது எனக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் அந்தக் கசப்பு முழுவதையும் தின்று தீர்த்தாள்.