சுயாக் பஸ்ஸில் ஓர் எஃகுத் துண்டும் இரண்டு வயதுப் பையனும்

1955 ஆகஸ்ட் 20, சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். கியூர்பிப்பிலிருந்து சுயாக் போகும் பஸ்ஸில் முப்பத்தொரு பேர். அதில் இரண்டு வயதுக்காரன் ஒருவன். அவன் ஒருவனே போதும்.

நான் தராசு மெக்கானிக். கோயம்புத்தூரில் தொழில் படித்து மொரீஷியஸ் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போர்ட் லூயிஸை ஒட்டிய ரோஷ் புவாவில் ஒரு பட்டறையில் வேலை. சுயாக் பக்கம் சிறு விவசாயிகளின் கரும்பை எடைபோடும் மேடைத் தராசு வெள்ளிக்கிழமை நின்றுவிட்டது. வெட்டிய கரும்பு வண்டியிலேயே காயும். காயக் காய எடை குறையும், நஷ்டம் விவசாயிக்கு. சனிக்கிழமை ஒரு மணிக்கு மேடையை மூடினால் திங்கட்கிழமைதான் திறப்பார்கள். நான் கொண்டுபோனது விரல் நீள எஃகுத் துண்டுகள் இரண்டு. தராசுக் கோல் அவற்றின் கூர்விளிம்பில்தான் உட்காரும். ஜோடியாகத் தீட்டியவை; ஒன்று போனால் மற்றதும் வீண்.

போர்ட் லூயிஸில் ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் கியூர்பிப்பில் இந்த பஸ் கிடைக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு ரூபாய் பத்து சதம். மரப் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தேன். ஜன்னலோரம் ஒருவர், அவர் மடியில் பையன். மனைவி எதிர் வரிசையில்.

பையன் முதலில் என் சட்டைப்பை பேனாவை உருவினான். பிறகு பெட்டியின் கொக்கியை நோண்டினான். கையை எடுத்துவிட்டேன். மறுபடி நோண்டினான்.

"பிள்ளையைப் பிடிங்க" என்றேன்.

"பாபா தானே, சின்னப் புள்ள, தம்பி! லெஸ் லி, விடு. இவன் பெரிய மெக்கானிக் ஆவான்!" என்று தகப்பன் சிரித்தார்.

"தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலை போல" என்றாள் மனைவி. பஸ்ஸே சிரித்தது. எனக்கு எரிச்சல்.

டிக்கெட் வாங்கக் கண்டக்டர் பக்கம் திரும்பினேன். அவ்வளவு நேரம்தான். ரோஸ் பெல்லில் பார்த்தபோது பெட்டியில் ஒரு துண்டு மட்டுமே இருந்தது. பையன்தான் எடுத்திருப்பான் என்றேன்.

"என் புள்ள திருடனா?" என்று தகப்பன் எகிறினார்.

பின்னால் இருந்த ஒரு பெண் சொன்னாள்: "வெளிய தூக்கிப் போட்டானே, அதா? பிஸ்கோத்துன்னு நெனச்சேன். ரெண்டு மாமரம் இருந்துச்சே, அங்க."

டிரைவர் "அலே, அலே!" என்று அவசரப்படுத்தினார். அந்தத் துண்டு எந்த மேடையின் தராசுக்கு என்று நான் கத்திச் சொன்னேன். தகப்பனின் முகம் மாறியது.

"என் கரும்பு அங்கதான் நிக்குது. ரெண்டு வண்டி. மச்சான் காவல் இருக்கான்."

இறங்கினோம். ஒன்றரை மைல் திரும்பி நடந்தோம். பையனை என் கையில் கொடுத்துவிட்டு இருவரும் ஈரப் புல்லில் தவழ்ந்து தேடினார்கள். அவன் என் பேனாவை மறுபடி உருவினான். பத்து மணிக்குச் சற்று முன் மனைவிக்குத் துண்டு கிடைத்தது. சேற்றில் விழுந்ததால் விளிம்பு தப்பியது.

அடுத்த பஸ் பத்தரைக்கு. சுயாக் சேர்ந்து, துண்டுகளைப் பொருத்தி முடிக்கும்போது பன்னிரண்டு இருபத்தைந்து. மூடுவதற்குள் ஆறு வண்டி ஏறின. ஆறாவது அவருடைய முதல் வண்டி. இரண்டாவது வண்டிக்கு முன்னால் கதவைச் சாத்திவிட்டார்கள். நானும் கெஞ்சினேன், கத்தினேன், பலனில்லை.

அவர் பையனின் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தார். அவன் அலறினான்.

"அவனை ஏன் அடிக்கிறீங்க? எது அடுத்தவன் பெட்டின்னு அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

அவர் பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். நின்றுபோன வண்டியைப் பார்த்தபடி கேட்டார்: "திங்கக்கிழமைக்குள்ள எவ்வளவு காயும், தம்பி?"

"நல்லாவே காயும்" என்றேன். வேறென்ன சொல்வது?

குழந்தை தொடத்தான் செய்யும். தடுப்பது மடியில் வைத்திருப்பவரின் வேலை. "பாபா தானே" என்று சிரித்தால் அந்த வேலை முடிந்துவிடாது. கருவியோடு இந்தத் தடத்தில் போகிறவர்கள் முதல் பஸ்ஸிலேயே போங்கள். இன்னொரு பஸ்ஸுக்கான நேரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்யப்போவது:

1. பெட்டிக்குப் பூட்டு.
2. பக்கத்தில் குழந்தை வந்து உட்கார்ந்தால் எழுந்து நிற்பேன், சுயாக் வரை நின்றாலும் சரி.
3. முதல் தொடுகையிலேயே பெட்டியில் இருப்பது என்ன, யாருக்கு என்று பெற்றவரிடம் சொல்வேன். சிரித்தால் சத்தமாகச் சொல்வேன்.
4. ஞாயிறு மாலையே சுயாக் போய்விடுவேன். திங்கள் காலை மேடையில் முதலில் ஏற வேண்டியது அந்த இரண்டாவது வண்டி. வேறு யாராவது முந்தினால், தராசு இன்னும் சரியாகவில்லை என்று சொல்லிவிடுவேன்.