பரவாயில்ல மாப்பிள்ளை

அவரை எல்லோரும் சவுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டுவது தொழில் என்பதால் வந்த பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி அவருடைய தொண்டையால் வந்தது. மனிதர் கடைக்குள் போனில் பேசினால் எதிர்ப்பக்கம் பஞ்சர் ஒட்டுகிறவர் பதில் சொல்வார். சட்டென்று கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும், போனதும் திட்டு வாங்கியவருக்கே டீ வாங்கிக் கொடுத்து, "தப்பா எடுத்துக்காதப்பா" என்பார். "அவரு கத்தினா கத்திட்டுப் போறாரு, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாரு" என்று தெருவே நற்சான்று கொடுத்திருந்தது. அந்த நற்சான்றில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் மனசில் வைத்திருந்தார். அது அவர் மகள் பாடுகிற விஷயம்.

ஒரே பெண். ஒரு பாட்டுக் குழுவோடு சேர்ந்து அரங்குகளில் பாடுகிறவள். கல்யாணப் பேச்சின்போது சம்பந்தியம்மா, "கல்யாணத்துக்கு அப்புறமும் மேடையெல்லாம் ஏறணுமா என்ன?" என்று இழுத்தார். சவுண்டு உடனே மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், பரம சாது, மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்பதைக்கூட ரகசியம் மாதிரிதான் சொல்வார். அவர் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கல்யாணம் நடந்தது, மகள் பாடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் இவருக்கு அந்த மௌனம் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. "ஊமையா இருக்கிறவங்களை நம்பக்கூடாது. என்னைக்காவது ஒருநாள் சத்தமில்லாம நிறுத்திடுவாரு பாரு" என்று மனைவியிடம் அடிக்கடி புலம்புவார். "உங்களுக்குச் சத்தம் போட்டாத்தான் மனுஷன்" என்பார் மனைவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்தது. மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒரு மியூசிக் பிளேயரை எடுத்தார். புத்தம் புதிய ரப்பர் உறை போட்டிருந்தது.

"மாமா, போன வாரம் அவ பாடினதை ரெக்கார்ட் பண்ணேன். மேடையில மைக்செட் பாக்கிறவரைக் கெஞ்சி, அவரு பெட்டியிலேருந்தே நேரா ஒயர் இழுத்து எடுத்தது. உங்க கார்ல கேட்டா நல்லா இருக்கும்னு..."

சவுண்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவருடைய கார் ஓடுவதற்காக வைத்திருக்கும் கார் அல்ல. உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்காக வைத்திருக்கும் கார். கதவுக்கு ஒரு ஸ்பீக்கர், பின்னால் ஒரு பெரிய பெட்டி. நான்கு கதவுகளையும் திறந்து வைத்தார். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை ஒயரைக் கையில் எடுத்ததும், "கொடுங்க, கொடுங்க, இது நம்ம டிபார்ட்மெண்ட்" என்று பிடுங்கி, ஒரு முனையை ஸ்டீரியோவிலும் மறு முனையைப் பிளேயரிலும் தானே சொருகினார்.

வயலின் வந்தது. புல்லாங்குழல் வந்தது. தாளம் பிரமாதமாக வந்தது. பாட்டு தொடங்க வேண்டிய இடமும் வந்தது. பாட்டு மட்டும் வரவில்லை. வாத்தியங்கள் தம்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டு போயின. மகளின் குரல் இருக்க வேண்டிய இடத்தில், எங்கோ கிணற்றுக்குள் யாரோ முனகுகிற மாதிரி ஒரு நிழல், அவ்வளவுதான்.

"எங்க என் பொண்ணு?" என்றார் சவுண்டு.

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் கேட்டப்போ இருந்துச்சே மாமா..."

"இருந்துச்சாம்! வயலின் இருக்கு, குழல் இருக்கு, இவ குரல் மட்டும் எப்படிங்க காணாமப் போகும்? அன்னைக்கு உங்கம்மா மேடை எதுக்குன்னு கேட்டாங்க, நீங்க பேசாம இருந்தீங்க. அப்பவே எனக்குத் தெரியும். வாயால சொல்ல முடியாததை இப்படிச் செஞ்சு காட்டறீங்களா? என் பொண்ணு குரலை வழிச்சு எடுத்துட்டு, எனக்கே கொண்டுவந்து போட்டுக் காட்டறீங்களா?"

"அப்பா!" என்று கத்தினாள் மகள். யார் கேட்டார்கள்? வருஷக்கணக்காகத் தயார் செய்து வைத்திருந்த பேச்சு, மடை திறந்த மாதிரி வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் இரண்டு திறந்தன. சம்பந்தி எழுந்து நின்று செருப்பைத் தேடினார். சம்பந்தியம்மா இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, தன் மகனிடம்தான் திரும்பினார். "உனக்கு எதுக்குடா இந்த வேண்டாத வேலை? ஊர் முன்னாடி எங்க மானத்தை வாங்கிட்டியே." கொஞ்ச நேரத்தில் வாசல் காலியாகிவிட்டது. மியூசிக் பிளேயர் மட்டும் ஒயரோடு காரிலேயே கிடந்தது.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் ஒரு டாக்ஸி டிரைவர் வந்தார். "அண்ணே, என்னான்னு தெரியல, பாட்டுல பாடறவங்களையே காணோம். வெறும் வாத்தியம்தான் கேக்குது."

"டீ குடிக்கப் போயிருப்பாங்க, இரு கூப்பிடறேன்" என்று வழக்கமான ஜோக்கைச் சொல்லிக்கொண்டே சவுண்டு காருக்குள் குனிந்து, கட்டைவிரலால் பிளக்கை ஓர் அழுத்து அழுத்தினார். டக். பாடகர் வந்துவிட்டார். அந்தத் தொழிலில் இது பாலபாடம். பாடுகிறவரின் குரல் இடம் வலம் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி வரும். பிளக் முழுசாக உட்காராவிட்டால் அந்த இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும், ஒரு பக்கமாக வரும் வாத்தியங்கள் மட்டும் தப்பிக்கும். இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை விளக்கியிருக்கிறார்!

விரலை அவர் எடுக்கவில்லை. "என்னண்ணே, ஷாக் அடிச்சுதா?" என்று டிரைவர் கேட்டார்.

கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ரப்பர் உறையின் விளிம்பு தடுத்து, பிளக் பாதியில் நின்றுகொண்டிருந்தது. உறையைக் கழற்றி அழுத்தினார். டக். மகள் பாடினாள். அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு கிட்டத்தில், அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அவளுடைய எந்தக் கச்சேரியையும் யாரும் இத்தனை அக்கறையாகப் பதிவு செய்ததில்லை. சவுண்டு அவசரமாக அணைத்தார். பக்கத்து வீட்டில் யாருக்காவது கேட்டிருக்குமோ என்று ஜன்னல்களைப் பார்த்தார். அப்படிப் பார்த்ததற்கே அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

சாயங்காலம் ஒரு பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். போய்ச் சேரும் வரைக்கும் மனசுக்குள் ஒத்திகை நடந்தது. தப்பு என்மேலதான் மாப்பிள்ளை, பிளக் சரியாக் குத்தலை. சின்ன வாக்கியம்தானே. கதவைத் திறந்ததே மாப்பிள்ளைதான். இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மாமா, மன்னிச்சிருங்க. என் தப்புதான். ஆரம்பத்துல ஒரே இரைச்சலா இருந்துச்சுன்னு கம்ப்யூட்டர்ல போட்டு வெட்டினேன். அப்ப எதையோ மாத்தி அமுக்கிட்டேன் போல. பிளேயர்ல ஏத்தினதும் கம்ப்யூட்டர்ல இருந்ததை எடுத்துட்டேன், திரும்பப் போட்டுப் பாக்கவும் வழியில்லை. வேணும்னு செய்யலை மாமா, சத்தியமா."

கண் சிவந்திருந்தது. ராத்திரி தூங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. பின்னால் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். மகள் சமையலறை வாசலில் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"பரவாயில்ல மாப்பிள்ளை" என்றார் சவுண்டு.

அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. சொன்ன மாத்திரத்தில் வீடு லேசாகிவிட்டது. சம்பந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய மனுஷன்னா பெரிய மனுஷன்தான்" என்றார். மகள் டீ கொண்டுவந்து கொடுத்து, "தேங்க்ஸ்ப்பா. நீங்க இன்னும் கோவமா இருப்பீங்கன்னு பயந்துட்டே இருந்தேன்" என்று காதோரம் சொன்னாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் டீயைக் குடித்தார். போதாக்குறைக்கு, "எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்று வேறு சொன்னார்.

அதற்குப் பிறகு அவருக்குக் கடையில் குரலே எழும்பவில்லை. "என்ன சவுண்டு, வால்யூம் கம்மியா இருக்கு?" என்று பஞ்சர்க்காரர் கிண்டல் செய்தபோது குனிந்து ஸ்பேனரைத் தேடினார். மகள் போனில் பேசும்போதெல்லாம் ஏதாவது ஒன்று வந்து குத்தியது. மாப்பிள்ளை இப்போது கம்ப்யூட்டரைத் தொடுவதே இல்லையாம். ஒரு கல்யாணப் பந்தியில் உறவுக்காரர் ஒருவர் மாப்பிள்ளையை, "குரல்வெட்டி வந்துட்டார்யா" என்று கூப்பிட்டாராம், எல்லோரும் சிரித்தார்களாம். அடுத்த கச்சேரிக்கு வருகிறீர்களா என்று மகள் கேட்டதற்கு, "நான் வந்தா ஏதாவது கெட்டுப்போயிடும், நீ போயிட்டு வா" என்றாராம்.

அன்றைக்குச் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தவர் எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டிவிட்டார். மனைவி சோற்றுப் பாத்திரத்தை மூடினார். "கத்தினதுக்குக்கூட அந்தப் பையன் உங்களை மன்னிச்சிருப்பான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு போய் மகள் வீட்டு வாசலில் நிறுத்தினார். எல்லோரையும் வெளியே கூப்பிட்டார். பிளக்கைப் பாதி சொருகிக் காட்டினார், குரல் இல்லாத பாட்டு வந்தது. அப்புறம் கட்டைவிரலால் அழுத்தினார். மகளின் குரல் வாசலை நிறைத்தது.

"நான்தான் சரியாக் குத்தலை. மாப்பிள்ளை அவ குரலை அழிக்கலை, வெட்டலை. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். எல்லாரும் என்னை மன்னிக்கணும்" என்றார். தலை நிமிரவில்லை.

"அப்ப நான் அழிக்கலையா?" என்றார் மாப்பிள்ளை. பரீட்சையில் பாஸாகிவிட்ட சின்னப் பிள்ளை மாதிரி அவர் முகம் விரிந்ததைப் பார்க்க இவருக்குத் தெம்பில்லை. சம்பந்தியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனின் முதுகைத் தடவினார். சம்பந்தி, "விடுங்க, ஆனது ஆச்சு. ஒரு பிளக்குக்குப் போயி" என்று சிரித்தார்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி நின்றாள்.

"அப்பா, அன்னைக்குச் சாயங்காலம் பழம் வாங்கிட்டு வந்தீங்களே. இவரு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாரு. நீங்க பரவாயில்லன்னு சொன்னீங்க. அப்பவே உங்களுக்கு இது தெரியுமா?"

"ஐய, மாமாவுக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கும். சும்மா இரு" என்றார் மாப்பிள்ளை.

தப்பிக்க வழி அகலமாகத் திறந்து கிடந்தது. மாப்பிள்ளையே திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சொன்னதற்கு ஆமாம் என்று தலையாட்டினால் போதும்.

"தெரியும்மா" என்றார் சவுண்டு. பக்கத்தில் நின்றவர்களே காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

மகள் காருக்குள் கையை விட்டுப் பாட்டை நிறுத்தினாள். பிளேயரைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். புருஷனின் கையைப் பிடித்து, "வாங்க, உள்ள போகலாம்" என்றாள். அப்பாவைப் பார்த்து வாங்க என்று சொல்லவில்லை.