கன்னத்துச் சாந்தைத் துடைக்காத டாக்டரம்மா

"டாக்டரம்மா போயிட்டாகளாம்" என்று கம்பம் சந்தையில் வாழைக்காய் விற்பவள் சொன்னபோது நான் நம்பவில்லை. எவர் சொல்வதையும் எளிதில் நம்புகிற பிறவி அல்ல நான். டாக்டர் வேலம்மாள் வீட்டு வாசலில் கூட்டத்தைக் கண்ட பிறகே அழுதேன்.

முதலில் அவரையும் நான் நம்பவில்லை. ரங்கூனில் குண்டு விழுந்த வருஷம், நடந்து வந்த வழியில் கணவரைக் காட்டிலேயே இழந்து, சின்னஞ்சிறு மகள் பாக்கியத்தோடு கம்பத்துச் சாவடியில் ஒதுங்கினேன். பர்மாவில் பிறந்தவளுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? குழந்தைக்குக் குளிர்காய்ச்சல். அதைவிடக் கொடுமை, அப்பா போனதிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. அவர் செய்தது போலவே 'தனக்கா' என்கிற மரக்கட்டையை நீர்விட்டு உரைத்து, அந்தச் சாந்தைக் கன்னத்தில் பூசிவிட்டால் மட்டும் அழாமல் இருப்பாள். பர்மாவில் அது வெயிலுக்கும் அழகுக்கும் பூசுவது. இந்த ஊர்க்காரர்களோ அம்மைக்கு அரைத்துப் பூசிய மஞ்சள் என்று நினைத்துவிட்டார்கள்.

"ஏ ஆத்தா, அம்மை போட்ட பிள்ளையத் தூக்கிக்கிட்டு இங்கன வராத!" என்று கிணற்றடியில் விரட்டினார்கள்.

குடிக்கத் தண்ணீரின்றிக் கிடந்த எங்களைத் தேடி டாக்டரம்மா வந்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என்று நினைத்தேன். பிள்ளையைப் பிரித்து எங்கேயோ அடைக்கத்தானே வந்திருக்கிறார்! மருந்தை நீட்டியதும், "மொதல்ல நீங்க குடிங்க" என்றேன். குடித்து முகம் சுளித்தார்.

"ரொம்பக் கசக்குது. பெத்தவ சந்தேகப்படத்தான் செய்வா, தப்பில்ல" என்றார்.

சாந்தைத் துடைக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். அது என்ன, யார் பூசிப் பழக்கியது என்று மட்டும் கேட்டார். பிறகு குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "எனக்கும் பூசி விடு தாயி" என்று கன்னத்தைக் காட்டினார். பாக்கியம் என் மகள் அல்லவா, வெகுநேரம் முறைத்துவிட்டுத்தான் பூசினாள்.

அந்த முகத்தோடு, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நேரே கிணற்றடிக்குப் போனார்; நானும் பின்னாலேயே ஓடினேன்.

"எனக்கும் அம்மையா போட்டிருக்கு? அப்ப என்னையும் வெரட்டுங்க."

 ஒருத்தி வாளியை நீட்டினாள். டாக்டரம்மா பிள்ளையை இறக்கிவிட்டுக் குனிந்து நீர் இறைக்க, தெறித்த தண்ணீரில் அவர் கன்னத்துச் சாந்து கரைய, பாக்கியம் களுக்கென்று சிரித்து, "இன்னும் பூசணும்" என்றாள். மாதக்கணக்கில் நான் கேட்காத குரல். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

காய்ச்சல் விட்ட பிறகும் அவர் வந்தார். தூங்குகிறாளா, யாரோடு விளையாடுகிறாள் என்று விசாரித்தார். இதெல்லாம் டாக்டருக்கு எதற்கு என்று எனக்கு உறுத்தியது. கேட்டே விட்டேன்.

"காச்சலுக்கு கொயினா மாத்திரை இருக்கு. பயத்துக்குக் கூட்டாளிகதான் மருந்து" என்று சொல்லி, அவரே பாக்கியத்தின் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நேற்று அவரைத் தூக்கும்போது பாக்கியம் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மதுரையிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், "யாரு இந்தப் பிள்ளை?" என்றார்.

"நம்ம ஊருப் பிள்ளைதாங்க" என்றது கூட்டம்.

அந்தச் சொல்லை நான் சந்தேகிக்கவில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள், அம்மா.