சம்பந்தியின் கிஜாங்

விர்யோனோவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கடைக்காரன் சிரித்தால் எடையில் கைவைத்திருக்கிறான் என்பார். சிரிக்காவிட்டால் நிச்சயம் கைவைத்திருக்கிறான் என்பார். இந்தக் குணத்தோடு ஜாவாவின் கடலோர நகரமான செமாராங்கில் இத்தனை வருஷம் இறால் அப்பளம் விற்றுப் பிழைக்கிறார் என்றால், பாதிப் புண்ணியம் மனைவி லஸ்மிக்குத்தான்.

மலைமேல் ஓட்டல்களுக்கு அப்பளம் கொண்டுபோக ஒரு வண்டி தேவைப்பட்டது. கண்ணில் பட்டவை இரண்டு, இரண்டும் பழசு. தரகர் ஒருவரிடம் இருந்தது பாந்தர், டீசல் வண்டி. கடகடவென்று தெருவையே எழுப்பும், வேகம் பிடிக்க நேரமாகும். ஆனால் சுமையோடு மேடேறச் சளைக்காது, எண்ணெயும் கொஞ்சமாகத்தான் குடிக்கும். மற்றது கிஜாங். பெட்ரோல் செலவு கூடுதல்; ஆனால் சத்தமில்லை, உள்ளே இடம் தாராளம், எந்தப் பட்டறையிலும் பாகம் கிடைக்கும். அது சுதோபோவின் வண்டி. அவர் மகளைத்தான் இவர்கள் மகன் பாகஸுக்குக் கேட்டிருந்தார்கள். பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. பையன் அந்தப் பெண்ணைத் தவிர வேறு நினைப்பில்லாமல் திரிந்தான்.

லஸ்மி சுலபமாகச் சொல்லிவிட்டாள். "அப்பளம் என்ன கருங்கல்லா, மேடேறத் திணற? நமக்கு வேண்டியது இடம். கிஜாங்கையே எடுங்க."

அவருக்கு மனசு ஒப்பவில்லை. சம்பந்தியாகப் போகிறவர் வலிய வந்து வண்டி தருகிறார் என்றால் அதில் என்னவோ இருக்கிறது. கடல் தெருவுக்குள் வந்து போகிற ஊர் இது. உப்புத் தண்ணீரில் நின்ற வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கித் தலையில் கட்டுகிறவர்கள் இங்கே ஏராளம்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு சுதோபோவின் வீட்டுக்குப் போனார். உட்காரச் சொன்னவரைத் தாண்டி நேரே வண்டிக்குப் போனார். சீட் பெல்டைக் கடைசிவரை இழுத்துச் சேறு தேடினார். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்தார். சீட்டுக்கு அடியில் விரலைத் தேய்த்து நக்கியும் பார்த்தார். உப்புக் கரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் உறுத்தியது.

"ரொம்பச் சுத்தமா இருக்கே. தண்ணியில நின்னதே இல்லைன்னு உங்க பொண்ணு மேல சத்தியம் பண்ணுவீங்களா?"

லஸ்மிக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. சுதோபோவின் புன்னகை மட்டும் அப்படியே இருந்தது. "நீங்க எப்படி நினைக்கிறீங்களோ, அப்படியே இருக்கட்டும்," என்றார் மெதுவாக.

பிறகு திண்பண்டமும் டீயும் வந்தன. சுதோபோ மழையைப் பற்றி விசாரித்தார், மீன் விலையைப் பற்றி விசாரித்தார். விர்யோனோ பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஒரு கண்ணை வண்டியின் மேலேயே வைத்திருந்தார். விடைபெறும்போது சுதோபோ வாசல்வரை வந்து குனிந்து கைகொடுத்தார்.

பைக் நகர்ந்ததும் இவருக்கு வாய் திறந்தது. "பார்த்தியா, மனுஷன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. உள்ளுக்குள்ள ஏதோ இருக்கு. பாந்தரையே எடுத்துடலாம்."

"டீ எப்படி இருந்துச்சு?" என்று பின்னாலிருந்து கேட்டாள் லஸ்மி.

"எங்க குடிச்சேன்? கடைசிவரைக்கும் அவர் குடிங்கன்னு சொல்லவே இல்லையே."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பைக்கை ஓரமாக நிறுத்தினார். இந்த ஊரில் பெண் கேட்ட வீட்டில் முடியாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; டீயை முன்னால் வைத்து, குடியுங்கள் என்று சொல்லாமலே அனுப்பிவிடுவார்கள்.

லஸ்மி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "பாகஸ்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால ஆகாது."