மான்குர்த்தில் உல்டா ஆன மாப்பிள்ளை

செம்பூரிலிருந்து மான்குர்த் போனதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்காதீர்கள். ஹார்பர் லைனில் இரண்டாவது ஸ்டேஷன், டிக்கெட் ஐந்து ரூபாய். ஆனால் கல்யாண ரவிக்கைக்குக் கைவேலை கொடுக்க நிறையப் பேர் வழி கேட்டதால் எழுதுகிறேன்.

போன மாதம் பெரியப்பா மகள் சுமதி அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் வேலு. ரவிக்கையின் இரண்டு கையிலும் அந்தப் பெயர் தமிழில் வர வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எழுதிக் கொடுத்தது நான். "கைவேலை கேட்டா கைவேலு!" என்று நான் சொன்னதற்கு வீடே சிரித்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு ரவிக்கையை வாங்கப் போனேன். ஸ்டேஷன் வெளியே ஷேர் ஆட்டோ, பதினைந்து ரூபாய். ஆரி வேலை செய்யும் பெண்கள் வீடு என்று ஹிந்தியில் சொன்னால் போதும். துணி கொடுக்கவா, வாங்கவா என்று டிரைவர் கேட்டார். வாங்க என்றதும், அப்படியானால் டீ கிடைக்கும் என்றார். கிடைத்தது.

அறை முழுக்க ஒரு மரச்சட்டம். அதில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணியைச் சுற்றி நான்கு பெண்கள். மூத்தவர் மேலப்பாளையத்து ஜமீலா லாத்தா; லாத்தா என்றால் அக்கா. டிசைன் வரைந்த தாளில் ஊசியால் ஓட்டை குத்தி, பொடி தேய்த்தால் துணியில் படம் விழும். இடது கைக்கு அதே தாளைத் திருப்பிப் போடுவார்கள். அப்போதுதான் இரண்டு கையிலும் உள்ள மயில்கள் எதிரெதிரே பார்க்கும்.

மயில்கள் பிரமாதம். வலது கையில் தங்க நூலில் வேலு. இடது கையில்... எழுத்தும் திரும்பியிருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "லாத்தா, மாப்ள உல்டா ஆயிட்டாரே. கண்ணாடில பாத்தாதான் புருஷன்."

மற்ற மூவரும் சிரித்தார்கள். லாத்தா சிரிக்கவில்லை. "என்ன புள்ள சொல்லுத?"

விளக்கினேன். அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். லாத்தா முடிச்சை வெட்டி, நூல் நுனியைப் பிடித்து இழுத்தார். ஆரி என்பது சங்கிலித் தையல். நுனி கிடைத்தால் மொத்தமும் வந்துவிடும். இருங்க லாத்தா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வேலு தரையில் நூலாகக் கிடந்தார். பட்டில் ஊசி ஓட்டைகள் மட்டும் மிச்சம்.

"ரெண்டு நாளுல திரும்ப வராது புள்ள. பட்டு தாங்காது."

வீட்டில் அக்கா அந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தாள். "நேரா இருந்தா மட்டும் நான் படிச்சிருவேனாடி?"

கல்யாணத்தில் வலது கை எழுத்தைப் பார்த்த சித்தி, என்ன கொடி இது, அழகா இருக்கே என்றாள். இடது கையில் மயிலுக்குப் பக்கத்தில் ஏன் மொட்டையாக இருக்கிறது என்று மட்டும் எல்லோரும் கேட்டார்கள்.

போகிறவர்களுக்கு: வெளிச்சத்துக்காக மதியம் போங்கள். எழுத்து என்றால் ஒவ்வொரு கைக்கும் தனித்தனித் தாள் கொடுங்கள், திருப்ப வேண்டாம் என்று வாயாலும் சொல்லுங்கள். மற்றதற்கு வாயில் ஒரு தையல் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்னும் அங்கே போய் நிற்கத் தைரியம் வரவில்லை. நீங்கள் போனால், வலது கை ரொம்ப அழகு என்று செம்பூர்ப் புள்ள சொன்னதாக லாத்தாவிடம் சொல்லுங்கள்.